திரும்பத் திரும்ப விழும் சர்வீஸும் சிஸ்டம்டியும்: ஒரு விமர்சனம்

லினக்ஸ் சர்வரில் ஒரு சர்வீஸ் ராத்திரி முழுக்க நூறு முறை செத்துப் பிழைத்திருக்கும். காலையில் ஸ்டேட்டஸ் பார்த்தால் பச்சைப் புள்ளியோடு "ஆக்டிவ், ரன்னிங்" என்று நிற்கும். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். விழுந்ததைத் தூக்கி நிறுத்துவதில் அது கெட்டி. விழுந்ததற்கான தடயங்களைச் சேர்த்து வைப்பதில் அதைவிடக் கெட்டி. ஆனால் விழுந்துகொண்டே இருக்கிறது என்பதைத் தானாக வந்து சொல்வதில், எதையும் மாற்றாத இயல்பு நிலையில், மிகவும் மோசம். அந்த ஒரு குறையைச் சரிசெய்துவிட்டால், கிராஷ் ஆகும் சர்வீஸைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி லினக்ஸில் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

சிஸ்டம்டி, லென்னார்ட் பெட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் 2010இல் வெளியிட்டது. ஃபெடோரா 15, ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7, டெபியன் 8, உபுண்டு 15.04 என்று 2011க்கும் 2015க்கும் இடையே பெரிய வினியோகங்கள் எல்லாம் இதற்கு மாறிவிட்டன. அதனால் இதை வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கு இடமில்லை. சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது. எதை நம்பலாம், எதைக் கையால் மாற்றியே ஆக வேண்டும் என்று மட்டும் பார்க்கலாம்.

மாற்ற வேண்டியதிலிருந்தே தொடங்குகிறோம். ரீஸ்டார்ட் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு "நோ". அதாவது, எதுவும் எழுதாவிட்டால் செத்த சர்வீஸ் செத்ததுதான். "ஆன்-ஃபெயிலியர்" என்று எழுதினால் பிழைக் குறியீட்டோடு வெளியேறினாலும், சிக்னலில் (கர்னலோ வேறு புரோகிராமோ அனுப்பும் குறிப்பு) செத்தாலும், தொடங்க அதிக நேரம் எடுத்தாலும், வாட்ச்டாக் (சர்வீஸ் குறித்த நேரத்துக்குள் "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்கிறதா என்று பார்க்கும் காவல்) கடித்தாலும் மறுபடி எழும். இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. சிக்டெர்ம், சிக்இன்ட், சிக்ஹப், சிக்பைப் ஆகிய நான்கு சிக்னல்களில் முடிந்தால் அதை ஒழுங்கான முடிவு என்றே சிஸ்டம்டி கணக்கில் வைக்கும். வேறொரு ஸ்கிரிப்ட் கில் கட்டளையை வெறுமனே அனுப்பி உங்கள் டீமனைச் (பின்னணியில் ஓடும் சர்வீஸ் புரோகிராம்) சாய்த்துவிட்டால், ஆன்-ஃபெயிலியர் அதை எழுப்பாது. "ரீஸ்டார்ட் போட்டிருக்கிறேன், ஆனாலும் எழவில்லை" என்ற குழப்பம் பல நேரம் இதில்தான் முடிகிறது. சாகவே கூடாத சர்வீஸுக்கு "ஆல்வேஸ்" போடுங்கள். நாமே ஸ்டாப் கொடுத்தால் அதுவும் மதித்து நின்றுவிடும்.

அடுத்து, இந்த விமர்சனத்திலேயே அதிகம் குறை சொல்லப்போகும் இடம்: எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் எழுப்புவது என்ற கணக்கு. இதில் மூன்று எண்கள் உண்டு. எழுப்பும் முன் காத்திருக்கும் நேரமான ரீஸ்டார்ட்செக், இயல்பாக 100 மில்லிவினாடி. தொடக்கங்களை எண்ணும் கால அளவான ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக், 10 வினாடி. அதற்குள் அனுமதிக்கும் தொடக்கங்களான ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட், 5. பத்து வினாடிக்குள் ஐந்து முறை தொடங்கலாம். ஆறாவது முயற்சி மறுக்கப்படும், யூனிட் (சிஸ்டம்டி நிர்வகிக்கும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் அது வைக்கும் பெயர்) தோல்வி நிலைக்குப் போய் "ஸ்டார்ட்-லிமிட்-ஹிட்" என்று நிற்கும்.

இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். கான்ஃபிக்கில் ஓர் எழுத்துப் பிழை, டீமன் எழுந்த கணமே சாகிறது. ஐந்து வாய்ப்பும் ஒரு வினாடிக்குள் தீர்ந்துவிடும். டேட்டாபேஸ் எழ மூன்று வினாடி தாமதமானாலும் போதும், அதை நம்பியிருக்கும் சர்வீஸ் ஒரேயடியாகப் படுத்துவிடும். இது ஒரு முனை. மறுமுனை இன்னும் மோசம். டீமன் எழுந்து, கான்ஃபிக் படித்து, இணைப்பு தேடி, இரண்டரை வினாடி கழித்துச் சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 2.6 வினாடி. பத்து வினாடிக்குள் நான்கு தொடக்கம்தான் நடக்கும். வரம்பைத் தொடவே தொடாது. அந்தச் சர்வீஸ் சர்வர் உள்ளவரை செத்துக்கொண்டும் எழுந்துகொண்டும் இருக்கும், ஒரு முறைகூடத் தோல்வி நிலையில் வந்து நிற்காது. "கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று ரீஸ்டார்ட்செக்கை மட்டும் 5 வினாடியாக்கிவிட்டு மற்ற இரண்டைத் தொடாமல் விடுபவர்கள், தெரியாமலேயே வரம்பை முழுதாக அணைத்துவிடுகிறார்கள்.

மனதில் வைக்க வேண்டிய சூத்திரம் இது: சாகும்வரை ஓடும் நேரத்தோடு ரீஸ்டார்ட்செக்கைக் கூட்டி, பர்ஸ்ட் எண்ணால் பெருக்கினால் வருவது இன்டர்வலைவிடக் குறைவாக இருந்தால்தான் வரம்பு வேலை செய்யும். பொதுவான ஒரு சர்வீஸுக்கு ரீஸ்டார்ட்செக் 5, இன்டர்வல் 300, பர்ஸ்ட் 5 என்று வைத்தால், இருபது வினாடி ஓடிச் சாகும் டீமனும் 125 வினாடியில் பிடிபட்டுவிடும். நெட்வொர்க் தடுமாற்றத்தைத் தாங்கி எப்போதும் முயன்றுகொண்டே இருக்க வேண்டிய சர்வீஸ் என்றால் இன்டர்வலை 0 ஆக்குங்கள், வரம்பே இராது. அப்போது ரீஸ்டார்ட்செக் 30க்குக் குறையாமல் இருக்கட்டும். இல்லையென்றால் லாக் நிரம்பும், எதிர்முனைச் சர்வரும் அடி வாங்கும்.

இந்த இன்டர்வலும் பர்ஸ்ட்டும் சர்வீஸின் யூனிட் ஃபைலில், யூனிட் பகுதியில் எழுத வேண்டியவை. ரீஸ்டார்ட்டும் ரீஸ்டார்ட்செக்கும் சர்வீஸ் பகுதிக்குரியவை. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் சர்வீஸ் பகுதியில் எழுதினால், ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்கைத் தெரியாத பெயர் என்று ஜர்னலில் (சிஸ்டம்டியின் லாக்) ஒரு வரி எச்சரித்துவிட்டு சிஸ்டம்டி ஒதுக்கிவிடும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. ஒரு கருவி இவ்வளவு முக்கியமான தவறை இவ்வளவு மெதுவான குரலில் சொல்வது நியாயமில்லை. மாற்றியதும் சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை கட்டளையை அந்த யூனிட் மேல் ஓட்டிவிடுங்கள், அதே எச்சரிக்கை கண்முன் வரும்.

மாற்றங்களை வினியோகம் கொடுத்த யூனிட் ஃபைலில் நேரடியாகச் செய்யாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். சிஸ்டம்டியைக் கையாளும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் எடிட் கொடுத்தால் ஓவர்ரைடு ஃபைல் தனியாகத் திறக்கும், சேமித்ததும் டீமன்-ரீலோடும் தானாக நடக்கும். அதில் எக்செக்ஸ்டார்ட்டை (சர்வீஸைத் தொடங்கும் கட்டளை வரி) மாற்றும்போது முதலில் வெறும் "எக்செக்ஸ்டார்ட்=" என்று ஒரு வரி, பிறகு புதிய கட்டளையோடு ஒரு வரி. வெறும் வரியை விட்டால் பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டாகி, யூனிட் ஏற்கப்படாமல் போகும்.

குறை இவ்வளவு. இனி, ஏன் செத்தது என்று கண்டுபிடிக்க இது தரும் வசதிகள். இந்த இடத்தில் மனதாரப் பாராட்ட வேண்டும்.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டும் பத்துப் பதினைந்து வரிகளில் இரண்டை மட்டும் ஊன்றிப் படித்தால் பாதி நோய் தெரிந்துவிடும். "ஆக்டிவ்" வரியில் "ஆக்டிவேட்டிங், ஆட்டோ-ரீஸ்டார்ட்" என்று இருந்தால் அது இரண்டு சாவுகளுக்கு நடுவே இருக்கிறது என்று பொருள். "ரன்னிங்" என்று இருந்தாலும், எவ்வளவு நேரமாக என்ற கடைசித் துண்டைப் பாருங்கள். சர்வர் நாற்பது நாளாக ஓடும்போது சர்வீஸ் நான்கு நிமிடமாக ஓடுகிறதென்றால் விசாரிக்க வேண்டும். எத்தனை முறை தானாக எழுந்தது என்ற எண் ஸ்டேட்டஸில் பளிச்சென்று வராது. சிஸ்டம்சிடிஎல் ஷோ கட்டளையில் என்ரீஸ்டார்ட்ஸ் என்ற பண்பைக் கேட்டால் வரும். கண்காணிப்புக் கருவி எதுவாக இருந்தாலும் அந்த எண்ணை அதில் சேர்த்துவிடுங்கள். கையால் மறுபடி தொடங்கினால் அது பூஜ்யத்துக்குப் போய்விடும் என்பதால், ரீஸ்டார்ட் கொடுக்கும் முன் குறித்து வைப்பது நல்லது.

இரண்டாவது, "மெயின் பிஐடி" (பிஐடி என்பது பிராசஸின் எண்) வரியின் அடைப்புக்குள் இருக்கும் "code", "status" மதிப்புகளும். "எக்ஸிட்டட்" என்றால் புரோகிராம் தானாக வெளியேறியது, காரணம் பெரும்பாலும் அதன் சொந்த லாக்கில் இருக்கும். "கில்டு, 9" என்றால் யாரோ கொன்றார்கள். முதல் சந்தேகம் மெமரி. "டம்ப்டு, 11" என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைப் புரோகிராம் தொட்டது), கோர் ஃபைல் (செத்த கணத்தில் இருந்த மெமரியின் நகல்) கிடைக்க வாய்ப்பு உண்டு. "டம்ப்டு, 6" என்றால் அபார்ட். புரோகிராமே ஏதோ ஒத்துவராமல் கையை விரித்திருக்கிறது, அல்லது வாட்ச்டாக் நேரம் தவறியதற்காக சிஸ்டம்டி அனுப்பிய சிக்னல் அது. எது என்பதை ரிசல்ட் பண்பு பிரித்துச் சொல்லும்.

200உம் அதற்கு மேற்பட்ட எண்களும் வந்தால், பெரும்பாலும் உங்கள் புரோகிராம் ஓடவே தொடங்கவில்லை. 200 என்றால் வேலை செய்யும் டைரக்டரி இல்லை. 217, யூசர் இல்லை. 226, பாதுகாப்புக்காகப் போட்ட தனியறை அமைப்பில் சிக்கல், பல நேரம் ரீட்ரைட்பாத்ஸில் (டீமன் எழுத அனுமதிக்கும் டைரக்டரிகளின் பட்டியல்) எழுதிய பாதை இல்லாமல் இருக்கும். அடிக்கடி வருவது 203: கட்டளையை இயக்க முடியவில்லை. பாதை தவறு, இயக்கும் அனுமதி இல்லை, நோஎக்செக் போட்டு மவுன்ட் செய்த டிஸ்க் என்பவை வெளிப்படையான காரணங்கள். கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டின் முதல் வரி முடிவில் ஒளிந்திருக்கும் கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து. ஃபைல் கண்முன் இருக்கும், "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று பிழை வரும். அந்த எழுத்தோடு சேர்ந்த பெயரில் பாஷ் (bash) ஷெல்லைத் தேடுகிறது கர்னல், அதனால்தான்.

143 என்ற எண்ணில் பயப்பட எதுவுமில்லை. ஜாவா புரோகிராம் சிக்டெர்ம் வாங்கி ஒழுங்காக முடிந்தாலும் 143 என்று சொல்லும், சிஸ்டம்டி அதைத் தோல்வி என்று எழுதிவிடும். சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸில் 143ஐச் சேர்த்தால் முடிந்தது. இதன் எதிர்ப்பக்கமும் பயனுள்ளது. கான்ஃபிக் பிழையால் செத்தால் ஆயிரம் முறை எழுப்பியும் பயனில்லை, அந்தக் குறியீட்டை ரீஸ்டார்ட்பிரிவென்ட்எக்ஸிட்ஸ்டேட்டஸில் எழுதிவிடலாம். டெபியனில் தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் யூனிட் 255க்கு இப்படித்தான் செய்கிறது.

ஜர்னலுக்கு வருவோம். ஜர்னல்சிடிஎல்லில் யூனிட் பெயரைக் கொடுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் கிராஷ் ஆகும் சர்வீஸில் மிக முக்கியமான வரி, சாவதற்குச் சற்று முன் எழுதிய கடைசி வரி. அது மூன்று வழிகளில் தொலைந்துபோகும்.

ஒன்று, பஃபர். ஸ்டாண்டர்டு அவுட்புட் டெர்மினலாக இல்லாவிட்டால் சி லைப்ரரி வரிவரியாக அனுப்பாமல் மொத்தமாகச் சேர்த்து வைத்து அனுப்பும். சேர்ந்தது போய்ச் சேருமுன் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் கடைசிச் சில வரிகள் புரோகிராமோடு சேர்ந்து செத்துவிடும். பைத்தானிலும் இதே கதை. என்விரான்மென்டில் பைத்தான்அன்பஃபர்டு 1 என்று வையுங்கள். மற்றவற்றுக்கு எக்செக்ஸ்டார்ட்டின் முன்னால் எஸ்டிடிபஃப் கட்டளையை வரி முறையில் போடலாம்.

இரண்டு, பெயர் ஒட்டாத வரிகள். புரோகிராம் சிஸ்லாக் (லினக்ஸின் பழைய பொது லாக் வழி) வழியாக எழுதிய உடனே செத்துவிட்டால், அது எந்த யூனிட்டைச் சேர்ந்தது என்று ஜர்னலை எழுதும் ஜர்னல்டி தேடிப் பார்க்கும்போது பிராசஸே இருக்காது. வரி ஜர்னலில் இருக்கும், யூனிட் முத்திரை இருக்காது. யூனிட் பெயரால் வடிகட்டிய பார்வையில் அது வராது. இதைப் பிடிக்க வடிகட்டியை எடுத்துவிட்டு, செத்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து வினாடியை முழுதாகப் படியுங்கள். அல்லது பிஐடி எண்ணால் தேடுங்கள். "லாக்கில் ஒன்றுமே இல்லை" என்று கைவிட்ட பல வழக்குகளில் லாக் அங்கேயே இருந்திருக்கும்.

மூன்று, வேகத்தடை. 30 வினாடியில் 10,000 வரிக்கு மேல் போனால் மீதியை ஜர்னல்டி விட்டுவிடும், "சப்ரஸ்டு" என்று எண்ணிக்கை மட்டும் எழுதும். செத்துச் செத்து எழும் சர்வீஸ் டீபக் முறையில் ஓடினால் இதை எளிதில் தொடும். சோதிக்கும் நேரத்துக்கு மட்டும் அந்த யூனிட்டில் லாக்ரேட்லிமிட்இன்டர்வல்செக்கை 0 ஆக்குங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். /வார்/லாக்/ஜர்னல் என்ற டைரக்டரி இல்லாத சர்வரில், ஜர்னலின் ஸ்டோரேஜ் அமைப்பு "ஆட்டோ" என்று இருந்தால் ஜர்னல் மெமரியில்தான் இருக்கும். சர்வரை ரீபூட் செய்தால் எல்லாத் தடயமும் போச்சு. கிராஷ் விசாரிக்கும்போது "எதற்கும் ஒரு ரீபூட்" என்று யாராவது சொல்வதற்கு முன் அந்த டைரக்டரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மெமரிச் சாவை எடுத்துக்கொள்வோம். கர்னல் வரிகளை மட்டும் காட்டச் சொல்லி "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடினால் இரண்டு விதமான வரிகள் வரும். முன்னால் "மெமரி சிகுரூப்" என்று இருந்தால், சர்வரில் மெமரி தாராளமாக இருந்தும் யூனிட்டுக்கோ கன்டெய்னருக்கோ வைத்த மெமரிமேக்ஸ் வரம்பில் முட்டியிருக்கிறது. அது இல்லாமல் வந்தால் சர்வரே வறண்டுவிட்டது. செத்தது உங்கள் சர்வீஸ் என்றாலும் மெமரியைத் தின்றது வேறொன்றாக இருக்கலாம். கர்னல் அந்த நேரத்தில் எல்லாப் பிராசஸையும் ஒரு பட்டியலாக எழுதியிருக்கும், ஆர்எஸ்எஸ் (ஒவ்வொன்றும் பிடித்திருந்த மெமரி) பத்தியைப் பாருங்கள். அதில் இருப்பது பேஜ் எண்ணிக்கை. 4 கிலோபைட்டால் பெருக்கினால்தான் உண்மை அளவு. இன்னொரு நுட்பம்: மெமரி தீர்ந்து கர்னல் கொன்றால் என்ன செய்வது என்று சொல்லும் ஓஓஎம்பாலிசியின் (OOMPolicy) இயல்பு மதிப்பு "ஸ்டாப்". பத்து வொர்க்கரில் ஒன்றைக் கர்னல் கொன்றாலும் சிஸ்டம்டி முழு யூனிட்டையும் நிறுத்தும். வொர்க்கரைத் தானே மறுபடி உருவாக்கத் தெரிந்த சர்வீஸ் என்றால் "கன்டினியூ" என்று மாற்றுவது சரி.

ஃபைல் எண்ணிக்கை வரம்பும் ஆளைச் சுற்றவைக்கும். "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்று சாகும் டீமனுக்காக லிமிட்ஸ் டாட் கான்ஃபில் எண்ணை ஏற்றுவார்கள், ஒன்றும் மாறாது. அந்த ஃபைல் பிஏஎம் (லாகினைச் சரிபார்க்கும் PAM அமைப்பு) வழியாக லாகின் ஆகும் செஷன்களுக்கு. சிஸ்டம்டி தொடங்கும் சர்வீஸுக்கு அது பொருந்தாது. யூனிட்டில் லிமிட்நோஃபைல் எழுதுங்கள். மாறிவிட்டதா என்று ப்ராக் டைரக்டரியில் அந்த பிஐடியின் லிமிட்ஸ் ஃபைலைத் திறந்து உறுதிசெய்யுங்கள்.

"கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாகப் போட்டால் சாகிறது." இதற்குக் காரணம் சூழல் வித்தியாசம். எக்செக்ஸ்டார்ட் ஷெல் வழியாகப் போவதில்லை. பைப், திசைமாற்றம், நட்சத்திரக் குறி எதுவும் அங்கே செல்லாது. பாத் வேறு, ஹோம் வேறு, டெம்ப் டைரக்டரிகூட பிரைவேட்டெம்ப் போட்டிருந்தால் வேறு. இதற்கு சிஸ்டம்டி-ரன் அருமையான மருந்து. யூனிட்டில் இருக்கும் யூசர், புரொடெக்ட்சிஸ்டம் போன்ற அமைப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, பிடிஒய் தெரிவோடு அதே கட்டளையை டெர்மினலில் ஓட்டலாம். எந்த அமைப்பைச் சேர்த்ததும் சாகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் புரொடெக்ட்சிஸ்டம் ஸ்ட்ரிக்ட்டாக இருந்து, டீமன் எழுத நினைக்கும் டைரக்டரியை ரீட்ரைட்பாத்ஸில் சேர்க்க மறந்திருப்பார்கள்.

சரியாக 90 வினாடிக்கு ஒருமுறை சாகும் சர்வீஸ் என்றால் புரோகிராமைச் சந்தேகிக்காதீர்கள். அது டைம்அவுட்ஸ்டார்ட்செக்கின் இயல்பு மதிப்பு. டைப் நோட்டிஃபை என்று எழுதிவிட்டு டீமன் "ரெடி" செய்தி அனுப்பாமல் இருக்கும். அல்லது டைப் ஃபோர்க்கிங் (டீமன் தானாகப் பின்னணிக்குப் போகும் வகை) என்று எழுதி, டீமன் முன்புறத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அல்லது பிஐடிஃபைல் பாதை தவறு. டீமன் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே சிஸ்டம்டி அதைக் கொல்கிறது.

கோர் ஃபைல்களைச் சேர்த்துவைத்துக் காட்டும் கோர்டம்ப்சிடிஎல் தனியாகப் பாராட்டத்தக்கது. கோர் ஃபைல் எங்கே விழுந்தது என்று தேடி அலைந்த காலத்தை இது முடித்துவைத்தது. லிஸ்ட் கொடுத்தால் எந்த புரோகிராம், எப்போது, எந்தச் சிக்னலில் செத்தது என்று வரிசை. இன்ஃபோ கொடுத்தால் ஸ்டாக் டிரேஸ் (செத்த கணத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்திருந்தது என்ற வரிசை). டீபக் கொடுத்தால் நேராக ஜிடிபி என்ற பிழைதேடும் கருவிக்குள். ஐந்து சாவுகளின் ஸ்டாக்கும் ஒரே ஃபங்ஷனில் முடிந்தால் புரோகிராமில் பிழை. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில், தொடர்பில்லாமல் முடிந்தால் மெமரி சிதைவு. ராம் சிப்பையும் சோதித்துவிடுங்கள். டெபியனில் சிஸ்டம்டி-கோர்டம்ப் தனிப் பேக்கேஜ், கிராஷ் வருவதற்கு முன்பே நிறுவியிருக்க வேண்டும். பழைய கோர்கள் சில நாளில் தானாக அழிக்கப்படும், தேவையானதை டம்ப் கட்டளையால் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கோர் இல்லாமல், லாக்கும் இல்லாமல் சாகும் டீமனுக்கு, அது கர்னலிடம் கேட்பதையெல்லாம் பதிவுசெய்யும் எஸ்ட்ரேஸ்தான் கடைசி வழி. அரை வினாடியில் சாவதை பிஐடி பிடித்து ஒட்ட முடியாது. ஓவர்ரைடில் எக்செக்ஸ்டார்ட்டின் முன்னால் எஸ்ட்ரேஸைச் சேர்த்து, அவுட்புட்டை ஃபைலுக்கு அனுப்புங்கள். டைப் நோட்டிஃபையாக இருந்தால் நோட்டிஃபைஆக்சஸ் "ஆல்" என்று மாற்றவும். இல்லாவிட்டால் மெயின் பிஐடி எஸ்ட்ரேஸுடையதாக இருப்பதால் டீமனின் ரெடி செய்தி ஏற்கப்படாது. முன்பு சொன்ன 90 வினாடிச் சாவை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள்.

சரிசெய்து முடித்ததும் ரீசெட்-ஃபெயில்டு கொடுங்கள். கையால் கொடுக்கும் ஸ்டார்ட்டும் அதே வரம்பில்தான் எண்ணப்படுகிறது. நோய் தீர்ந்த பிறகும் "ரிப்பீட்டட் டூ குயிக்லி" என்று மறுப்பது அதனால்தான்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? சிஸ்டம்டிக்கு முன் இந்த வேலையைச் செய்த பழைய சிஸ்வி இனிட், இனிட்டேப் என்ற அமைப்பு ஃபைலில் ரீஸ்பான் (செத்தால் எழுப்பு) போட்ட வரி இரண்டு நிமிடத்தில் பத்து முறைக்கு மேல் செத்தால் ஐந்து நிமிடம் அணைத்துவைத்து, கன்சோலில் உரக்கச் சொல்லும். அந்த உரத்த குரலை சிஸ்டம்டி இழந்துவிட்டது. இன்னொரு சர்வீஸ் மேலாளரான ரன்இட் சின்னது, எளிது, ஒரு வினாடி விட்டு எழுப்பிக்கொண்டே இருக்கும். வரம்பு வேண்டுமென்றால் ஃபினிஷ் ஸ்கிரிப்டில் நாமே எழுத வேண்டும். 2005இல் சோலாரிஸ் 10 கொண்டுவந்த எஸ்எம்எஃப் என்ற சர்வீஸ் மேலாளர் இந்த ஒரு விஷயத்தில் இன்றும் சிஸ்டம்டிக்கு மேல். எஸ்விசிஎஸ் கட்டளையில் எக்ஸ், வி இரண்டையும் கொடுத்தால் எது விழுந்தது, ஏன், அதனால் வேறு எவை பாதிக்கப்பட்டன, லாக் ஃபைல் எங்கே என்று நான்கைந்து வரியில் சொல்லி முடித்துவிடும். சிஸ்டம்டியில் இதே விடைக்கு மூன்று கட்டளை ஓட்ட வேண்டும்.

ஒரு பெரிய குறை ஓரளவு தீர்ந்துவிட்டது. 254ஆம் பதிப்பில் ரீஸ்டார்ட்ஸ்டெப்ஸ், ரீஸ்டார்ட்மேக்ஸ்டிலேசெக் வந்தன. இரண்டையும் சேர்த்து எழுதினால் இடைவெளி படிப்படியாக நீளும்: உதாரணமாக, ஒரு வினாடியில் தொடங்கி ஐந்து நிமிடம் வரை. ஒன்றை மட்டும் எழுதினால் வேலை செய்யாது. உபுண்டு 24.04இல் 255 இருப்பதால் கிடைக்கும். டெபியன் 12, ரெட் ஹேட் 9 இரண்டிலும் 252. அங்கே நிலையான ரீஸ்டார்ட்செக்தான். பெரிய இன்டர்வலோடு அதை வைத்து, யூனிட் பகுதியின் ஆன்ஃபெயிலியர் அமைப்பில் (ரீஸ்டார்ட்டுக்குத் தரும் "ஆன்-ஃபெயிலியர்" வேறு) ஒரு அறிவிப்பு யூனிட்டைக் கோர்த்துவிடுங்கள். வரம்பில் முட்டி யூனிட் தோல்வி நிலைக்குப் போகும்போதுதான் அந்த மணி அடிக்கும். எனவே மேலே சொன்ன பெருக்கல் கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு, டீமனை சிக்னல் 11 அனுப்பித் திரும்பத் திரும்பக் கொன்று, மணி உண்மையில் அடிக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.